தனசேகரண்ணனின் முறை

தூக்குப்போசியில் அரிசியும்பருப்புச் சோறும், ஒரு பொட்டலத்தில் வடகமும் எடுத்துக்கொண்டு நான் மெக்கானிக் சின்னண்ணன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நாமக்கல் பைபாஸில் லாரிப் பட்டறை என்றால் நிழல் மருந்துக்கும் இருக்காது. ஒரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் என் வண்டி நின்றது.

என் வண்டி என்று சொல்வதில் தப்பில்லை. ஆர்.சி. புத்தகத்தில் சரிதா என்றுதான் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகையை எல்லாம் விற்று வாங்கிய லாரி. மிச்சம் இருந்தது கொலுசிலிருந்து அறுந்து விழுந்த ஒரு வெள்ளி மணிதான். அதைச் சிவப்புக் கயிற்றில் கோத்து வண்டிச் சாவியில் கட்டிவிட்டேன். ஓட்டுவது என் வீட்டுக்காரர் மணிமாறனும் அவருடைய கூட்டாளி தனசேகரண்ணனும். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் லோடு பிடிப்பது, வாடகை பேசுவது, டயர் கடைக்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் நான்தான். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்குள் பேர். இருக்கட்டும், அந்த வாயால்தான் வண்டி ஓடியது.

இப்போது ஓடவில்லை. முட்டை லோடோடு சேலம் போகும் வழியில், ஆட்டையாம்பட்டி பிரிவுக்குப் பக்கத்தில், என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டது. முட்டையை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, இதை இன்னொரு லாரியில் கட்டி இழுத்துவந்து போட்டிருந்தார்கள்.

சின்னண்ணன் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

"இந்த வெயில்ல நீயேன் வந்தே அம்மணி?"

"சோறு ஆரு கொண்டாருவாங்க? வண்டிக்கு என்னங்ணா ஆச்சு?"

"அதான் தெரியல. ஆயில் இருக்குது, தண்ணி இருக்குது. சூடாகி நின்ன தடமே இல்ல. ஆனா என்ஜின் ஒரு நூலு சுத்த மாட்டீங்குது. கம்பி போட்டு நெம்பியும் பாத்துட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரண்டே வழிதான். இறக்கிப் பிரிச்சு முழு வேலை பாக்கோணும். இல்லீன்னா வந்த வெலைக்குத் தள்ளிப்போடோணும். வண்டி உம்பேர்ல இருக்குது. நீதான் சொல்லோணும்."

"வித்துப்போடலாமுங்ணா."

நான் யோசிக்கவே இல்லை. தனசேகரண்ணன் செத்துப்போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் செத்தது இந்த வண்டியில்தான். கூடப்பிறந்த அண்ணன் இல்லாத எனக்கு அந்த மனுஷன்தான் அண்ணன். நாக்பூர்ப் பக்கம் போய் வரும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, "இந்தா தங்கச்சி, தின்னு உடம்பத் தேத்து" என்று போட்டுவிட்டுப் போவார். அவர் போனபிறகு அந்த வண்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு வேலை பாக்கச் சொல்றாரே" என்றார் சின்னண்ணன்.

"எங்கீங்க அவரு?"

சின்னண்ணன் தாடையால் கேபினைக் காட்டினார். "வெடியால ஆறு மணிக்கு ஏறினவரு. இன்னும் எறங்கல."

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். கேபினுக்குள் அடுப்பங்கரை மாதிரி வெக்கை. டீசல் வாசம், மக்காச்சோளத் தூசி வாசம். அதற்கெல்லாம் மேலே தைல வாசம். தூங்கப் போகுமுன் நெற்றி நிறையத் தைலம் தேய்த்துக்கொள்வது தனசேகரண்ணனின் வழக்கம். துணிமணியில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்துச் சீட்டில், தலையைப் பின்பலகையில் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். சாவியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். சிவப்புக் கயிறு மட்டும் விரலிடுக்கில் தெரிந்தது.

"ஏனுங்க, சோறு உண்ண எறங்கி வாங்க."

"மெதுவாப் பேசு சரிதா."

"ஏன்?"

"தனசேகர் மச்சான் தூங்கறான். எந்திரிக்கட்டும். முறை மாத்திக் குடுத்துட்டு வாரேன்."

பலகைக்குப் பின்னால் படுக்கை. படுக்கைக்குத் திரை.

திரை அசையவில்லை.

நான்தான் அசைந்தேன். எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. தூக்குப்போசி கையிலேயே இருந்தது.

*

என்ன நடந்தது என்று அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். தனசேகரண்ணனின் மனைவி கோகிலவாணிக்குக்கூடத் தெரியாது.

இரண்டு டிரைவர் ஓடும் வண்டியில் ஒருத்தர் ஓட்டுவார். இன்னொருத்தர் சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்துத் திரை போட்ட படுக்கையில் தூங்குவார். முறை மாறும் நேரம் வந்தால் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டிப் பலகையில் மூன்று தட்டு தட்டுவார். படுத்திருப்பவர் இரண்டு தட்டுவார். எழுந்துவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். பிறகு வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சாவியை உருவி அவர் கையில் கொடுத்து, "என் முறை முடிஞ்சுது, உன் முறை" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இது எல்லா லாரியிலும் இருக்கிற வழக்கமில்லை. இவர்கள் இரண்டு பேரும் தாங்களாகவே வைத்துக்கொண்டது. சாவி கைமாறாமல் அடுத்தவர் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். "என்னமோ பட்டாபிஷேகம் பண்ற மாதிரி" என்று நான் கேலி செய்வேன். "சிரி தங்கச்சி, சிரி. சாவி ஆரு கையில இருக்குதோ வண்டி அவரோட பொறுப்பு" என்பார் தனசேகரண்ணன்.

கடைசியாகப் போனபோது வடக்கேயிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஐதராபாத் தாண்டி ஒரு தாபாவில் சாப்பிட்டுவிட்டு, தனசேகரண்ணன் தைலம் தேய்த்துக்கொண்டு திரைக்குள் போனார். "தட்டு மாப்ள, வந்தர்றேன்" என்றாராம்.

கர்னூல் தாண்டி இவர் பலகையில் தட்டினார். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. ஆள் வரவில்லை. பாவம், அலுப்பு, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று இவர் ஓட்டினார். அனந்தப்பூர் தாண்டித் தட்டினார். இரண்டு தட்டு வந்தது. ஓசூரில் தட்டினார். அப்போதும் வந்தது. விடிந்து, கிருஷ்ணகிரி போய், சேலமும் போய், நாமக்கல் பைபாஸில் வண்டியை நிறுத்தி, "தூங்குமூஞ்சி, ஊரே வந்துருச்சு" என்று வைதுகொண்டே திரையை விலக்கினார்.

தனசேகரண்ணன் மல்லாந்து கிடந்தார். தொட்டால் கட்டை மாதிரி விறைத்திருந்தார்.

உயிர் முந்தின நாள் பொழுது சாயும்போதே போயிருக்கும், படுத்த கொஞ்ச நேரத்திலேயே மாரடைப்பு வந்திருக்கும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

"அப்பப் பதிலுக்குத் தட்டுனது ஆரு சரிதா?"

இதை அவர் என்னிடம்தான் கேட்டார். வண்டி ஆட்டத்தில் தண்ணிக்கேன் எதுவும் முட்டியிருக்கும் என்று சொன்னேன். நான் அப்போது அதை நம்பவும் செய்தேன்.

கருமாதி முடிந்து, வீட்டில் எத்தனை நாள் குந்தியிருப்பது என்று இவர் தனியாக முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆட்டையாம்பட்டி பிரிவு வரும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததாம். பழக்க தோஷம். கை தானாகப் பின்னால் போய்ப் பலகையில் மூன்று தட்டு தட்டிவிட்டது.

இரண்டு தட்டு வந்தது.

அந்த நொடி என்ஜின் நின்றுபோனது.

*

அதற்குப் பிறகு அவர் வீட்டில் தூங்கவே இல்லை. பாயில் படுப்பார், கண்ணை மூடமாட்டார். விடிந்தும் விடியாததுமாகப் பட்டறைக்குப் போய்க் கேபினில் ஏறிக்கொள்வார். சோறு இறங்கவில்லை. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

"அவன் முறை வந்துருச்சு. சாவி எங்கிட்டவே இருக்குது. அப்புறம் எப்படி வண்டி ஓடும்? வண்டியச் சரி பண்ணி அவன் கையில குடுக்கோணும் சரிதா."

"அப்பக் குடுத்துப்போட்டு வாங்க. திரைய வெலக்கிக் குடுக்க வேண்டியதுதான?"

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். ஒரு தடவை அந்தத் திரையை விலக்கிய மனுஷன். இன்னொரு தடவை விலக்க அவரால் ஆகாது.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த வண்டி இருந்தால் என் புருஷன் இருக்கமாட்டார். ரிப்பேராவது மண்ணாவது என்று புரோக்கர் ஜெயபிரகாஷை வரச் சொன்னேன். லாரி வாங்கி விற்பதில் கெட்டிக்காரன். வாய் ஓயாமல் பேசுவான். ஓடாத வண்டிக்கும் ஆள் பிடித்துத் தருவான் என்று பேர். வந்தான், டயரை உதைத்துப் பார்த்தான், சேஸுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அன்று என் வீட்டுக்காரரை ரேஷன் கடைக்கு அனுப்பியிருந்தேன். கேபின் காலியாக இருந்தது.

"கேபின் வேலை அம்சமா இருக்குதுங்க்கா. பலகை தேக்குங்களா?"

கேட்டுக்கொண்டே மேலே ஏறினான். மரம் எப்படி என்று பார்ப்பதற்கு எல்லோரும் செய்வதுதான். விரல் முட்டியால் பின்பலகையைத் தட்டினான்.

டொக், டொக், டொக்.

நான் கீழே நின்றிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

டொக், டொக்.

ஜெயபிரகாஷ் ஏறிய வேகத்தைவிட மெதுவாக இறங்கினான். ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, கேபினுக்கு முதுகைக் காட்டாமல்.

"உள்ள ஆரோ படுத்திருக்காங்களாட்ட இருக்குதுங்க்கா."

"ஆரும் இல்ல."

அவன் சட்டைப்பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் குரலைத் தாழ்த்திப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நின்னு போன வண்டிய நான் தொடலீங்க்கா. ஓட வெச்சுக் குடுங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவன், அதன்பிறகு நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணிக்கேன் என்று நானே சொன்ன சமாதானம் அன்றோடு போய்விட்டது. பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். செத்த பிறகும் முறை கேட்டு மல்லுக்கு நிற்கிறாரே இந்த மனுஷன் என்று கோபம். அடுத்த நிமிஷமே, இருந்தவரை ஒரு நாள்கூட அடுத்தவர் தலையில் தன் வேலையைக் கட்டாதவர், ராத்திரி முழுக்க மாப்பிள்ளையைத் தனியாக ஓட்ட விட்டுவிட்டோமே என்றுதான் தவிக்கிறாரோ என்றும் தோன்றியது. தோன்றியதும் அழுதுவிட்டேன்.

விற்க வேண்டுமென்றாலும் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் ரிப்பேர் பார்க்க வேண்டும். "பிரிங்கண்ணா" என்று சின்னண்ணனிடம் சொன்னேன்.

*

என்ஜினை இறக்கிப் பிரித்த அன்று சின்னண்ணன் பீடியைக்கூடப் பற்றவைக்க மறந்து, வாயில் வைத்தபடி நின்றார்.

"இதுக்கு ஒரு சீக்கும் இல்ல அம்மணி. பிஸ்டன்ல ஒரு கீறல் இல்ல. கிராங்க் கையில சுத்துது பாரு."

சுற்றிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிரித்ததுதான் பிரித்தாயிற்று என்று தேய்ந்த சாமான்களை மாற்றி, பூட்டி, திரும்ப வண்டியில் ஏற்றினார். ஸ்டார்ட் செய்யும் நாளில் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, என் வீட்டுக்காரர் சாமியைக் கும்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

கட்டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டர் புதுசு. சின்னண்ணன் ஏறி உட்கார்ந்து திருகினார். அப்போதும் அதே சத்தம்தான். கம்பி போட்டு நெம்பினால், முந்தாநாள் கையால் சுற்றிய என்ஜின் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பாக்கறேன்" என்று சொல்லிக் கம்பியைத் தரையில் போட்டார். அந்நேரம் பார்த்து மழை பிடித்தது. பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டது. எல்லோரும் டீக்கடைக் கொட்டகைக்கு ஓடினார்கள். என் வீட்டுக்காரரையும் சின்னண்ணன் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனார். சாவி வண்டியிலேயே தொங்கியது.

நான் மட்டும் வண்டியை ஒட்டி ஒதுங்கி நின்றேன். தகரக் கொட்டகையில் மழை கொட்டும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

அவரால் முடியாததை நான் செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. யார் கொடுத்தாலும் சாவி சாவிதானே. வண்டியும் என் வண்டி. இதற்கு மேல் இதை இழுத்துக்கொண்டிருந்தால் என் புருஷனைப் பாடையில்தான் தூக்க வேண்டும்.

ஏறினேன்.

சாவியை உருவினேன். மணி ஒரு தடவை சிணுங்கியது.

தைல வாசம் மூக்கில் ஏறி கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் தேய்த்ததுபோல அத்தனை காட்டம்.

டிரைவர் சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு, திரைக்கு நேராக முகத்தை வைத்தேன். திரையில் மயில் படம். சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் துணி எடுத்து நானே தைத்துப் போட்டது. அந்தத் துணி, என் வாய்க்கு நேரே, மெல்ல உள்ளே போய் மெல்ல வெளியே வந்தது.

ஜன்னல்கள் மூடியிருந்தன.

மூச்சு விடுவது நானில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரையை ஓரமாக விலக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை. மெத்தை, மடித்த போர்வை, தலையணை. தலையணையில் தலை வைத்த இடம் பள்ளமாக இருந்தது. கருமாதி கழிந்து இத்தனை நாளாகியும் அந்தப் பள்ளம் எழும்பவில்லை.

"அண்ணா" என்றேன். "தனசேகரண்ணா, நான் சரிதா. அவரால முடியலீங்க. அதான் நான் கொண்டாந்தேன். அவரு முறை முடிஞ்சுது. இனி உங்க முறை. எடுத்துக்குங்க. அவர உட்டுருங்க."

சாவியைப் பள்ளத்தில் வைத்தேன். தலையணை வெதுவெதுப்பாக இருந்தது.

திரையை இழுத்துவிட்டு இறங்கினேன். ஈரத்தில் கால் வழுக்கி, முழங்கால் சிராய்த்து, மழையில் பத்தடி போயிருப்பேன்.

பின்னால் மணி சிணுங்கியது.

என்ஜின் ஸ்டார்ட் ஆனது.

கட்டக்கென்றுகூடச் சத்தமில்லை. ஒரே மூச்சில், சீராக, தனசேகரண்ணன் காலையில் வண்டியைச் சூடேற்றும்போது கேட்குமே, அந்த மாதிரி. டீக்கடையிலிருந்து சின்னண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆரு ஸ்டார்ட் பண்ணினது?"

"நான்தான்."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே அம்மணி."

டிரைவர் சீட் காலியாக இருந்தது. சாவி அதன் இடத்தில் செருகியிருந்தது. மணி ஆடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் மழையில் நனைந்தபடி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு உண்டுவிட்டு, விடிந்து வெகுநேரம் வரை தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குறட்டை அத்தனை இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

*

ஓடுகிற வண்டிக்கு ஆள் வருவதற்குக் கேட்கவா வேண்டும். ஜெயபிரகாஷ் என்ஜின் சத்தத்தைக் கேட்டதும் பழைய வாய்க்குத் திரும்பிவிட்டான். எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் ஒருத்தருக்கு முடித்துக் கொடுத்தான். விற்க வேண்டாம், நாமே ஓட்டலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். நான் மசியவில்லை. சாவியை மணியோடு கொடுத்துவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வந்தேன். வெசனமாகத்தான் இருந்தது. ஆனால் புருஷன் பிழைத்தாரே.

அவர் இப்போது உள்ளூர் பால் வேனில் போகிறார். மத்தியானம் வந்து உண்டுவிட்டுக் கட்டிலில் சாய்வார். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. தைலம் என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

நேற்றுக் காலையில் ஜெயபிரகாஷ் போன் செய்தான்.

"ஏனுங்க்கா, அந்த வண்டிக்கு இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இல்லியே. ஒரே சாவிதான். ஏன்?"

"நேத்து லோடு எறக்கிட்டு வந்து நிறுத்தி, சாவிய உருவி ஆணியில மாட்டி வெச்சாங்களாம். வெடிஞ்சு பாத்தாக் காணோமாம். மத்தபடி வண்டி தங்கமா ஓடுதுன்னு பண்ணைக்காரரு சொல்றாருங்க. டிரைவருக்கு வேலையே இல்லீங்களாம், ஸ்டீயரிங்கச் சும்மா தொட்டாப் போதுமாம்."

போனை வைத்துவிட்டேன். சாவி தொலைவது உலகத்தில் நடக்காததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழம்பு கூட்டினேன், துணி துவைத்தேன். மத்தியானம் அவர் உண்டுவிட்டுக் கட்டிலில் படுத்தார். நான் சுவரோரம் பாயை விரித்துச் சாய்ந்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை. சீமைக்கருவேல முள் மண்டிய வெற்று மனைதான். கண் சொக்கியது.

தைல வாசம் வந்தது.

அவர் தேய்த்திருப்பார் என்று பாதித் தூக்கத்தில் நினைத்தேன். வீட்டில் தைலமே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

டொக், டொக், டொக்.

என் தலைமாட்டில், சுவரில்.

கண்ணைத் திறந்து, முதலில் கட்டிலில் அவருடைய கையைத்தான் பார்த்தேன். பதிலுக்குத் தட்டிவிடுவாரோ என்று பயம். இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாய் பிளந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சின்னச் சத்தத்துக்கும் எழுந்துகொள்ளும் மனுஷன், அசையவே இல்லை. தட்டியது அவருக்கு இல்லை.

அப்போது பதில் கேட்டது.

டொக், டொக்.

மிகப் பக்கத்தில். என் காதோரம்.

என் வலது கை சுவரில் இருந்தது. விரல் முட்டியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

தலைமாட்டில் மணி சிணுங்கியது. நான் திரும்பிப் பார்ப்பதற்கு வெகுநேரம் ஆனது. தலையணை ஓரத்தில் சிவப்புக் கயிறும் வெள்ளி மணியுமாகச் சாவி கிடந்தது. தொட்டேன். இப்போதுதான் வண்டியை ஓரங்கட்டி, உருவி எடுத்துவந்து கொடுத்ததுபோலச் சூடாக இருந்தது. முறை முடிந்தவர், தன்னிடம் சாவி கொடுத்தவர் கையில்தான் அதைத் திருப்பிக் கொடுப்பார். கொடுத்தது என் வீட்டுக்காரர் இல்லையே. நான்தானே.

"அண்ணா, எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க" என்று சுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

சுவரில் மறுபடியும் மூன்று தட்டு விழுந்தது.